நடுங்கும் கைக்கு எடை எதற்கு என்று கேட்டவர்களுக்கு

எங்கள் பகுதி அரசு மருத்துவமனைகளை நிர்வகிக்கும் உயர் அதிகாரிகளுக்கு,

எங்கள் வட்டத்து அரசு மருத்துவமனையில் செவ்வாயும் வெள்ளியும் நடுக்குவாத (பார்க்கின்சன்) நோயாளிகளுக்கு நடந்துவந்த எடைப்பயிற்சியை நிறுத்திவிட்டீர்கள். பிசியோதெரபி அறைக் கதவில் ஒட்டிய தாளில் இரண்டு காரணங்கள் இருக்கின்றன: ஆள் பற்றாக்குறை, நோயாளிகளின் பாதுகாப்பு. அதற்குக் கீழே, வீட்டிலேயே மெதுவான நடையும் மூச்சுப்பயிற்சியும் செய்துகொள்ளலாம் என்று ஒரு வரி. தாள் ஒட்டப்படுவதற்குச் சில நாட்கள் முன்பு ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் டம்பெல் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, “கை நடுங்குகிற வயதானவர்களுக்கு இதெல்லாம் எதற்கு? விழுந்துவைத்தால் யார் பதில் சொல்வது?” என்று கேட்டார். கேட்ட இடத்திலிருந்து நான்கடி தள்ளி நான் உட்கார்ந்திருந்தேன். நோயாளி என்பதால் அன்று யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை. அவர் கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் பதில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் இதே துறையில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். வெண்ணாற்றுப் பாசனத்து ஊர்களில் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வரப்பு வரப்பாக நடந்தவள். எனக்கு நோய் வந்ததைக் கை நடுக்கம் சொல்லவில்லை, கோலம் சொன்னது. மார்கழியில் வாசலில் புள்ளி வைக்கும்போது முதல் வரிசை சரியாக இருக்கும், போகப்போகப் புள்ளிகள் நெருங்கும், இழை சிறுத்துக்கொண்டே போய்க் கடைசி மூலையில் கோலம் சுருங்கி நிற்கும். கண்ணாடியை மாற்றச் சொன்னார்கள். பிறகு நடக்கும்போது வலது கை வீசாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டது. நரம்பியல் மருத்துவரிடம் போய்ச் சேர்வதற்குள் நாள் ஓடிவிட்டது. இந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் அப்படித்தான் ஓடுகிறது. முதுகு கூனினால் வயது, நடை தளர்ந்தால் சர்க்கரை, முகம் இறுகினால் மனக்கவலை என்று ஊர் ஒரு பெயர் வைத்துவிடும்.

நீங்கள் பூட்டிய அறையில் பெரிதாக எதுவும் இல்லை. கணுக்காலில் கட்டும் எடைப் பட்டைகள், சில டம்பெல்கள், சன்னல் கம்பியில் கட்டிய ரப்பர் பட்டைகள், கைப்பிடி இல்லாத மர நாற்காலிகள், பிடித்து நடக்கும் இணைக் கம்பிகள், ஏறி இறங்க ஒரு மரப்படி. எடைப் பட்டை போதாதபோது நாங்களே பழைய பேண்ட் துணியில் மணலை நிரப்பித் தைத்துக்கொண்டோம். (ஆற்றங்கரையில் பிறந்தவர்கள் ஒரு சட்டி ஆற்று மணலுக்கு வீடு வீடாகக் கேட்டு அலைந்தோம். அது வேறு இலாகாவுக்கு எழுத வேண்டிய மடல்.)

அந்த அறையில் என்ன நடந்தது என்பதற்கு ஒருவரை மட்டும் சொல்கிறேன். நெல் கொள்முதல் நிலையத்தில் சுமை தூக்கியவர். 40 கிலோ சிப்பத்தை முதுகில் வாங்கிக்கொண்டு பலகை வழியாக லாரியில் ஏறிய மனிதர், மருத்துவமனைக்கு வந்தபோது நாற்காலியை விட்டு எழ முடியாதவராக இருந்தார். மகன் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்துவான். எங்கள் பிசியோதெரபிஸ்ட் ஒப்பந்தத்தில் வேலை பார்த்த சின்னப் பெண். முதல் நாளே மகனைத் தள்ளி நிற்கச் சொன்னார். போர்வைகளை மடித்து நாற்காலியில் போட்டு இருக்கையின் உயரத்தைக் கூட்டினார். பாதங்களை முழங்காலுக்குப் பின்னால் இழுத்து வைக்கச் சொன்னார். மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாயச் சொன்னார். “உட்காரும்போது மூன்று எண்ணி மெதுவாக உட்காருங்கள் ஐயா. எழும்போது எண்ணவே கூடாது. ஒரே மூச்சில் தரையைத் தள்ளிவிட்டு எழ வேண்டும்” என்றார். இரண்டு முறை பின்னால் சாய்ந்து விழுந்து உட்கார்ந்தார். மூன்றாம் முறை எழுந்து நின்றுவிட்டு, நின்றது தான்தானா என்று பார்ப்பதுபோல் மகனைத் திரும்பிப் பார்த்தார். வாரங்கள் போகப்போகப் போர்வைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. பிறகு மணல் பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தார். “மூட்டை சுமந்த உடம்பு, நர்சம்மா. கேட்டால் கொடுக்கும்” என்று என்னிடம் சொன்னார்.

“உட்காரும்போது மெதுவாக, எழும்போது வேகமாக” என்ற அந்த ஒரு வரியில்தான் இந்த நோய்க்கான பயிற்சியின் சாரம் இருக்கிறது. உங்கள் தாளில் உள்ள ‘மெதுவான’ என்ற சொல் அதை அடியோடு அழித்துவிடுகிறது.

மூளையின் அடிப்பகுதியில் உடல் அசைவுக்கு வேண்டிய டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் குறைந்துபோவதால் வருவது இந்த நோய். தசை அழிந்துவிடுவதில்லை, தசைக்கு வரும் கட்டளைதான் சிறுத்து, துண்டு துண்டாக, தாமதமாக வருகிறது. டெல்டா விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மோட்டாரில் பழுது இருக்காது, ஆனால் மின்னழுத்தம் குறைந்தால் அது உறுமிக்கொண்டே இருக்கும், தண்ணீர் மேலே ஏறாது. எங்களால் ஓரளவு எடையைத் தூக்க முடியும். சட்டென்று தூக்க முடியாது. விசை வேண்டிய நேரத்தில் வேண்டிய வேகத்தில் திரண்டு வருவதில்லை. இயக்கம் குறைவதால் நாளடைவில் தசையும் மெலிகிறது. இரண்டும் சேர்ந்துதான் ஒரு மனிதரை நாற்காலியோடு கட்டிப்போடுகின்றன. 1817இல் இந்த நோயை முதன்முதலில் விரிவாக எழுதிய லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், நோயின் வரையறையிலேயே நடுக்கத்தோடு தசை வலுக் குறைவையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். 200 ஆண்டுகள் கழித்தும் நடுக்கம் மட்டுமே நம் கண்ணில் படுகிறது.

வேகம் எதற்கு வேண்டும் என்று கேட்கலாம். ஓட்டப் பந்தயத்துக்கு இல்லை. டவுன் பஸ்ஸின் முதல் படியைப் பாருங்கள். மகளிருக்குக் கட்டணம் இல்லை, நல்ல திட்டம். ஆனால் ஒரு காலைப் படியில் வைத்த பிறகு மொத்த உடம்பையும் மேலே தூக்க ஒரு நொடிக்கும் குறைவான அவகாசம்தான் கிடைக்கும். அதற்குள் தொடை உதைத்தாக வேண்டும். விசில் எங்களுக்காகக் காத்திருக்காது. வரப்பில் கால் வழுக்கினால் மறு காலை எட்டி வைத்து உடம்பைத் தாங்கிக்கொள்வதும் அப்படித்தான். வலு இருந்தும் அந்தக் கால் அரை நொடி பிந்திப் போனால் அதற்குள் ஆள் வாய்க்காலில் கிடப்பார். தரையில் குந்தும் கழிப்பறையிலிருந்து எழுவதும், பந்தியில் இலையை விட்டு எழுவதும், கோயிலின் கல் நிலைப்படியைத் தாண்டுவதும் எல்லாம் இதே கணக்குதான்.

இது என் அனுபவத்தோடு நிற்கும் பேச்சு இல்லை. சிகாகோவில் 2 ஆண்டுகள் நடந்து 2013இல் வெளியான ஆய்வில் நடுக்குவாத நோயாளிகளை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு எடையைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போகும் பயிற்சி. மறு குழுவுக்கு நீட்டி மடக்குவது, சமநிலை, எடை ஏறாத லேசான பயிற்சி. முதல் 6 மாதங்களில் இரண்டு குழுவும் ஏறக்குறைய ஒரே அளவில் தேறின. 2 ஆண்டு முடிவில், மாத்திரையின் வேகம் இல்லாத நேரத்தில் சோதித்தபோது, எடை ஏற்றியவர்களின் உடல் இயக்கம் தெளிவாக மேலாக இருந்தது. லேசான பயிற்சியே போதும் என்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. சில மாதம் பார்த்துவிட்டு இரண்டும் ஒன்றுதான் என்று முடிவுகட்டினால் தவறிப்போவோம். மயாமி பல்கலைக்கழகத்தில் நடந்து 2016இல் வெளியான ஆய்வு வேகத்தோடு எடை தூக்குவதையே சோதித்தது. 12 வாரங்களில் இயக்க மந்தம் குறைந்தது, தசையின் வேகவிசை கூடியது. அமெரிக்காவின் பார்க்கின்சன் அறக்கட்டளையும் விளையாட்டு மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து 2021இல் தந்த பரிந்துரையில் வாரத்துக்கு 2 அல்லது 3 நாட்கள், இடையில் ஒரு நாளாவது விட்டு, வலுப்பயிற்சி செய்யச் சொல்கிறார்கள். மூச்சு வாங்கும் அளவுக்கு வேக நடையோ சைக்கிளோ தனி, சமநிலைப் பயிற்சி தனி, தசைகளை நீட்டுவது தனி. செவ்வாயும் வெள்ளியும் என்று எங்கள் பிசியோதெரபிஸ்ட் வைத்திருந்த கணக்கு இதற்குள் சரியாகப் பொருந்துகிறது.

பயிற்சி நோயைக் குணமாக்கும் என்று நான் சொல்லவில்லை. டோபமைன் குறையை ஈடுகட்டும் லெவோடோபா மாத்திரையை விட்டுவிட்டு டம்பெல்லைத் தூக்கினால் போதும் என்று யாராவது சொன்னால் முதலில் சண்டைக்குப் போவது நானாகத்தான் இருக்கும். மாத்திரை எங்களை அசைய வைக்கிறது. அசைகிற உடம்பில் வலுவை ஏற்றும் வேலையை மாத்திரை செய்வதில்லை.

இனி அந்த அதிகாரியின் முதல் கேள்வி: நடுங்கும் கைக்கு எடை எதற்கு? இந்த நோயின் நடுக்கம் பெரும்பாலும் கை சும்மா இருக்கும்போது வருவது. மடியில் கிடக்கும் கை ஆடும். அதே கை ஒன்றை இறுகப் பிடித்துத் தூக்கும்போது பலருக்கு நடுக்கம் அடங்கும். அவர் நின்று பார்த்தது எங்கள் சும்மா இருந்த கைகளை. இன்னும் ஐந்து நிமிடம் இருந்து பயிற்சியைப் பார்த்திருந்தால் கேள்வியே எழுந்திருக்காது. நோயாளிகளில் எல்லாருக்கும் நடுக்கம் இருப்பதும் இல்லை.

இரண்டாவது கேள்வி நியாயமானது. விழுந்துவிடுவார்கள் என்ற பயம் எனக்கும் உண்டு. இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர்களுக்குப் படுக்கைப்புண் கட்டுக் கட்டியவள் நான். எங்களில் சிலருக்கு எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கும், கண் இருட்டும். வயதான பெண்களுக்கு எலும்பு தேய்ந்திருக்கும். மாத்திரையின் வேகம் இறங்கும் நேரத்தில் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மூச்சைப் பிடித்துக்கொண்டு எடை தூக்கினால் ஆபத்து. இத்தனையும் தெரிந்துதான் அந்தப் பெண் பயிற்சி கொடுத்தார். படுக்கவைத்து ஒரு முறை, நிற்கவைத்து ஒரு முறை ரத்த அழுத்தம் பார்ப்பார். மாத்திரை போட்ட நேரத்தைக் கேட்டு, அது வேலை செய்யத் தொடங்கிய பிறகே எடையைக் கையில் கொடுப்பார். நாற்காலியின் முதுகு சுவரோடு ஒட்டியிருக்கும். தூக்கும்போது சத்தமாக ‘ஹா’ என்று மூச்சை விடச் சொல்வார். வெளியில் மருந்து வாங்க நிற்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அந்த அறையில் ஒருவரும் விழவில்லை. விழுந்தவர்கள் வீட்டில் விழுந்தார்கள்: கழிப்பறையில், வாசற்படியில், மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கிக்கொண்டு திரும்பும்போது. பாதுகாப்பு என்று சொல்லி அறையைப் பூட்டியதால் விழுகிற இடம் உங்கள் பதிவேட்டை விட்டு வெளியே போயிருக்கிறது, அவ்வளவுதான்.

மெதுவாக நட, பத்திரமாக உட்கார், உனக்கு ஏன் சிரமம் என்று வீட்டில் மகனும் மருமகளும் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பாசத்தில் சொல்கிறார்கள். தண்ணீர்ச் செம்பு கைக்கே வருகிறது, சட்டைப் பொத்தானை வேறொருவர் போட்டுவிடுகிறார், திண்ணையை விட்டு எழ வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. நோய் எங்களை மெதுவாக்குகிறது, வீடும் அதையே சொல்கிறது. மருத்துவமனை ஒன்றுதான் எதிர்ப்பக்கம் நின்றது. இப்போது அதுவும் அந்தப் பக்கம் போய்விட்டது. அறை பூட்டிய பிறகு நான் சொன்ன பெரியவரை வீட்டில் போய்ப் பார்த்தேன். மகன் மறுபடியும் அக்குளில் கை கொடுக்கிறான்.

ஆள் பற்றாக்குறைக்கு வருகிறேன். எங்கள் பிசியோதெரபிஸ்டை வீடு தேடிச் செல்லும் பணிக்கு மாற்றியிருப்பதாகச் சொன்னார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. பக்கவாதம் வந்து படுத்திருப்பவரின் வீட்டுக்கு ஒருவர் வந்து கை காலை அசைத்துவிடுவது எவ்வளவு பெரிய உதவி என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் அவரால் ஒரு வீட்டுக்குப் போக முடியும், அதே ஒரு மணி நேரத்தில் அந்த அறையில் ஒரு குழுவுக்கே பயிற்சி கொடுக்க முடியும். எங்களை எழுந்து நடக்கிற நிலையில் வைத்திருந்தால், படுத்த பிறகு வீடு தேடி வர வேண்டிய வேலை உங்களுக்கு மிச்சம். தவிர, ஊராட்சிகளில் கட்டிய உடற்பயிற்சிக் கூடங்கள் பல பூட்டிக் கிடக்கின்றன. எங்கள் பக்கத்து ஊர்க் கூடத்தில் கருவிகள் துருப்பிடிக்கின்றன, உள்ளே உரமூட்டை அடுக்கியிருக்கிறார்கள். இளைஞர்களுக்கு மட்டும் என்று அங்கே யாரும் எழுதிவைக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் இந்த நோய் பெயரோடு இடம்பெற்றிருக்கிறது. இருந்தும் சான்றிதழ் முகாமுக்குப் போனால், மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் நாங்கள் நடப்பதைப் பார்த்து “நன்றாகத்தானே நடக்கிறீர்கள்” என்று அனுப்பிவிடுகிறார்கள். முகாமில் நன்றாக நடப்பதாகச் சொல்கிறீர்கள், பயிற்சி அறையில் விழுந்துவிடுவோம் என்கிறீர்கள். இரண்டில் ஒன்றை முடிவு செய்யுங்கள்.

வரப்பில் களைக்கொல்லி தெளித்த கைகள் இந்த மாவட்டங்களில் ஏராளம். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007இலேயே அதன் அனுமதி போய்விட்டது. நம் நாட்டில் இன்னும் விற்கிறது. யாருக்கு எதனால் வந்தது என்று ஒரு தனி ஆளைக் காட்டிச் சொல்ல முடியாது. ஆனால் நெல் விளைவிக்கும் மண்ணில் இந்த நோயாளிகள் இருக்கத்தான் போகிறார்கள். அவர்களுக்கென்று ஒரு அறை கேட்பது அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை.

நாங்கள் கேட்பது இவை. செவ்வாய், வெள்ளி இரண்டு நாட்களும் பயிற்சி அறையை மீண்டும் திறந்து, அந்த நேரத்துக்கு மட்டுமாவது பிசியோதெரபிஸ்டை மருத்துவமனையில் இருக்கச் செய்யுங்கள். பயிற்சியைக் காலை பத்து மணிக்கு மேல் வையுங்கள். முதல் வேளை மாத்திரை அப்போதுதான் எங்களுக்கு வேலை செய்யும், பஸ்ஸும் கிடைக்கும். கதவில் ஒட்டிய தாளில் உள்ள ‘மெதுவான நடை’ என்ற அறிவுரையை நீக்குங்கள். அதற்குப் பதிலாக, மாத்திரை எழுதும் அதே சீட்டில் எந்தத் தசைக்கு எவ்வளவு எடை, எத்தனை முறை, எவ்வளவு வேகம் என்று எழுதும் வழக்கத்தைக் கொண்டுவாருங்கள். எடையை எப்போது ஏற்றுவது என்பதும் அதில் இருக்கட்டும். ஆறு மாதம் ஒரே எடையைத் தூக்கினால் பயன் நின்றுவிடும்.

வீடு தேடிச் செல்லும் பிசியோதெரபிஸ்டுகளுக்கும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்களுக்கும் இந்த நோய்க்கான வலுப்பயிற்சியையும் வேகப்பயிற்சியையும் முறையாகக் கற்றுக்கொடுங்கள். ரத்த அழுத்தம் பார்க்கப் போகும் வீட்டில், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து அரை நிமிடத்தில் எத்தனை முறை எழ முடிகிறது என்று பார்த்துக் குறித்துவர ஒரு நிமிடம் போதும். அந்த எண் குறைந்தால் அறைக்கு அனுப்பச் சொல்லுங்கள். பக்கத்து ஊர் உடற்பயிற்சிக் கூடத்தைக் காலி செய்து எங்களுக்கு வாரம் ஒரு நாளாவது ஒதுக்கும்படி ஊராட்சிக்கு எழுதுங்கள். லெவோடோபா மாத்திரை கையிருப்பு தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரை இல்லாத வாரத்தில் எந்தப் பயிற்சியும் நடக்காது.

அறையைப் பூட்டியே வைப்பதுதான் முடிவு என்றால், எந்த மருத்துவக் காரணத்தால் எடைப்பயிற்சி எங்களுக்குக் கூடாது என்பதை ஒரு நரம்பியல் மருத்துவரின் கையெழுத்தோடு எழுத்தில் கொடுங்கள். ஆய்வுக்கு வந்தவரின் அபிப்பிராயம் போதாது.

மேட்டூர் திறந்து குறுவை நடவு சூடுபிடித்துவிட்டால் எங்களை மருத்துவமனைக்கு அழைத்துவர எந்த வீட்டிலும் ஆள் இருக்காது. ஜூன் 12க்கு முன்பே அறையைத் திறந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செவ்வாய், வெள்ளி நோயாளிகள் சார்பில்,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர்